இனங்கள் பல இருந்தால் உள்நாட்டுப் போர் வருமா? மலையும் எல்லையும் மக்கள்தொகையும்: எதை எப்படிக் கணக்கில் எடுப்பது?

செங்காந்தள் கேட்டது:

வணக்கம். எந்த நாட்டில் உள்நாட்டுப் போர் மூளும் வாய்ப்பு எவ்வளவு என்று ஒப்பிட ஓர் அட்டவணை போட்டிருக்கிறேன். நெடுவரிசைகள் மூன்றுதான்: இனப் பன்மைக் குறியீடு, நாட்டின் பரப்பில் மலைப்பகுதியின் விழுக்காடு, தனிநபர் வருமானம். மூன்றையும் 0 முதல் 1 வரையான அளவுக்குக் கொண்டுவந்து சராசரி எடுத்தேன்.

வரும் விடை வரலாற்றோடு ஒட்டவில்லை. 120-க்கும் மேற்பட்ட இனக்குழுக்கள் வாழும் டான்சானியா பட்டியலின் உச்சிக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. பெரும்பாலும் ஒரே மொழி, ஒரே மதம் என்று இருக்கும் சோமாலியா கடைசியில் கிடக்கிறது. 1991 ஜனவரியில் அங்கே அரசே இடிந்து விழுந்தது. ருவாண்டாவின் பன்மைக் குறியீடு வெறும் 0.26. 1994-இல் அங்கே நடந்த இனப்படுகொலை எல்லாருக்கும் தெரியும்.

இனப் பன்மைக்கும் போருக்கும் தொடர்பே இல்லை என்று எடுத்துக்கொள்வதா, நான் அளக்கும் விதம் தவறா? மலை என்ற நெடுவரிசையையும் இதே கண்ணோடு பார்த்துச் சொல்லுங்கள்.

---

வாய்பாடு:

அளக்கும் விதத்தில்தான் கோளாறு. மூன்றில் முதல் நெடுவரிசையை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு நாட்டில் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பேரைத் தொட்டால் அவர்கள் வெவ்வேறு குழுவினராக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதைத்தான் பன்மைக் குறியீடு சொல்கிறது. ஒவ்வொரு குழுவின் பங்கையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, 1-லிருந்து கழித்தால் அது கிடைக்கும். பத்து விழுக்காட்டுக் குழுக்கள் பத்து இருந்தால் 0.90. சரிபாதியாக இரண்டு குழுக்கள் இருந்தால் 0.50. முதல் நாடுதான் ஆபத்தானது என்று உங்கள் அட்டவணை சொல்லும். களத்தில் நடப்பதோ வேறு. பத்தில் ஒரு பங்கு ஆட்களை வைத்துக்கொண்டு தனியாக ஆட்சியைப் பிடிக்க யாராலும் ஆகாது. கூட்டு சேர வேண்டும், கூட்டுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். சரிபாதிப் பிளவில் அந்தக் கட்டாயம் எந்தப் பக்கத்துக்கும் இல்லை.

இதைப் பிடிக்கத்தான் துருவக் குறியீடு என்று இன்னொன்று வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் பங்கின் வர்க்கத்தை, 1-லிருந்து அந்தப் பங்கைக் கழித்து வருவதால் பெருக்குங்கள். எல்லாவற்றையும் கூட்டி 4-ஆல் பெருக்குங்கள். சரிபாதி இரண்டு குழுக்களுக்கு 1.00 வரும், பத்துக் குழு நாட்டுக்கு 0.36. 80-க்கு 20 என்று பிரிந்த நாட்டில் பன்மை 0.32 என்று சாதுவாக நிற்கும், துருவமோ 0.64. உங்கள் பட்டியல் தலைகீழாக வருவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

மீதிப் பாதி, குழு என்று எதை எண்ணுகிறீர்கள் என்பதில் இருக்கிறது. மியான்மரை எடுத்துக்கொள்ளுங்கள். பமார் 68, ஷான் 9, கரேன் 7, ரக்கைன் 4, சீனர் 3, இந்திய வம்சாவளியினர் 2, மோன் 2, மற்றவர் 5 என்று வழக்கமாகச் சொல்லப்படும் பங்குகளைப் போட்டால் பன்மை 0.52, துருவம் 0.66. அதே மக்களைப் ‘பமார், பமார் அல்லாதோர்’ என்று இரண்டாகப் பிரித்தால் பன்மை 0.44-க்கு இறங்கும், துருவம் 0.87-க்கு ஏறும். எதுவும் மாறாமலே ஒரு குறியீடு ஏறுகிறது, மற்றது இறங்குகிறது. அரசு கணக்குப்படி அங்கே 135 ‘தேசிய இனங்கள்’. அந்தப் பட்டியலைப் போட்டால் மூன்றாவதாக ஒரு விடை வரும். இந்தப் பங்குகளும் மதிப்பீடுகள்தான். 2014 கணக்கெடுப்பின் இனவாரி முடிவுகள் முழுமையாக வெளியிடப்படவில்லை.

ருவாண்டாவுக்கு வருவோம். பழைய ஆய்வுகள் பலவும் எடுத்தாண்ட இனத் தரவு 1964-இல் மாஸ்கோவில் வெளியான உலக மக்கள் நிலப்படத் தொகுப்பிலிருந்து வந்தது. அது பெரும்பாலும் மொழியை வைத்துப் பிரித்தது. நாட்டின் இரு பெருங்குழுக்களான ஹூட்டுகளும் டூட்சிகளும் பேசுவது ஒரே கின்யருவாண்டா மொழி. மொழியை அளவுகோலாகக் கொண்ட எந்தத் தரவிலும் அந்தப் பிளவு கண்ணில் படாது. சோமாலியாவும் இதே கதைதான். அங்கே அரசியல் ஓடுவது தாரோத், ஹவியே, இசாக், திர், ரஹன்வெய்ன் என்ற குலங்களின் வழியே. 1969-இல் ஆட்சியைப் பிடித்த சியாத் பாரே தன் குலத்தையும் உறவுக் குலங்களையும் சுற்றி அதிகாரத்தைக் கட்டினார். 1988-இல் இசாக் மக்களின் ஹர்கெய்சா நகரம் அவருடைய விமானப்படையாலேயே குண்டுவீசித் தரைமட்டமானது. மொழிக் கணக்கில் சோமாலியா பூஜ்யத்துக்கு அருகில் வரும். குலக் கணக்கில் மேலே போய்விடும்.

ஆகவே அட்டவணையில் ஒரே எண்ணைப் போடாதீர்கள். பன்மை, துருவம் இரண்டும் இருக்கட்டும். எந்தப் பிரிவினையை வைத்துக் கணக்கிட்டது என்பதையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

---

குறிஞ்சித்திணை:

மலை நெடுவரிசை பற்றி.

மலைக்கும் கிளர்ச்சிக்கும் தொடர்பு உண்டு என்பது நன்றாகச் சோதிக்கப்பட்ட ஒன்று. 1945 முதல் 1999 வரையான 127 உள்நாட்டுப் போர்களை வைத்து 2003-இல் வந்த ஆய்வு, வருமானத்தைக் கணக்கில் சேர்த்த பிறகு இனப் பன்மைக்குத் தனி வலு பெரிதாக இல்லை என்றும், வறுமை, அதிக மக்கள்தொகை, மலைப்பாங்கான நிலம், ஆட்சி நிலையின்மை ஆகியவை நிற்கின்றன என்றும் கண்டது. ஆனால் ‘நாட்டில் மலை 30 விழுக்காடு’ என்ற எண்ணிலிருந்து அந்த மலை எங்கே இருக்கிறது என்று தெரியாது. அதுதான் முக்கியம்.

மியான்மரை விடச் சிறந்த பாடம் இதற்கு இல்லை. நடுவில் ஐராவதி ஆற்றின் வறண்ட சமவெளியும் கீழே கழிமுகமும் பமார் நிலம். சுற்றிலும் குதிரை லாடம் போல மலைகள்: மேற்கே ரக்கைன் யோமா, சின் மலை, வடக்கே 5,881 மீட்டர் உயர ஹ்ககாபோ ராசி வரை ஏறும் கச்சின் மலைகள், கிழக்கே ஷான் பீடபூமி, தென்கிழக்கே கரேன், கரென்னி மலைகள். மேற்கே ரக்கைன் கடற்கரையை விட்டால், லாடத்தின் வெளிப்பக்கம் பெரும்பாலும் வேறு நாடுகளின் எல்லை. பிரிட்டிஷ்காரர்கள் சமவெளியை நேரடியாக ஆண்டார்கள், மலையை ‘எல்லைப்புறப் பகுதி’ என்று தனியே வைத்தார்கள். 1947 பிப்ரவரி 12 பாங்லோங் உடன்படிக்கையில் ஷான், கச்சின், சின் தலைவர்கள் கையெழுத்திட்டார்கள். கரேன்கள் பார்வையாளர்களாக மட்டும் இருந்தார்கள். 1949 ஜனவரியில் கரேன் கிளர்ச்சி தொடங்கியது.

இப்போது கவனியுங்கள். அந்தக் கிளர்ச்சி முதலில் மலைக்குள் மட்டும் இருக்கவில்லை. ஐராவதிக் கழிமுகத்திலும் கரேன்கள் பெருமளவில் வாழ்ந்தார்கள், அங்கேயும் சண்டை நடந்தது. நாட்டின் உள்ளே வடக்கு தெற்காக ஓடும் பகோ யோமா மலைக்காட்டில் கம்யூனிஸ்டுகளும் கரேன்களும் தளம் வைத்திருந்தார்கள். உணவு, பணம், தகவல், ஆள்சேர்ப்பு நான்கையும் அறுக்கும் ‘நான்கு வெட்டு’ முறையை ராணுவம் கழிமுகத்திலும் பகோ யோமாவிலும் செலுத்தி, 1970-களின் நடுப்பகுதிக்குள் இரண்டையும் துடைத்துவிட்டது. கிழக்கு எல்லை மலைகளில் அதே முறை பலிக்கவில்லை. பகோ யோமாவும் மலைதான், காடுதான். அதற்கு எல்லை இல்லை. நான்கு பக்கமும் அரசு நிலம். கிழக்கிலோ கரேன்கள் தாய்லாந்து எல்லைக் கடவுகளில் சுங்கம் வசூலித்துப் படை நடத்தினார்கள். வடகிழக்கில் கம்யூனிஸ்டுகளுக்கு 1968 முதல் சீனாவிலிருந்து ஆயுதம் வந்தது. கச்சின் படையின் தலைமையிடமான லைசா இன்றைக்கும் சீன எல்லைக்கோட்டின் மேலேயே இருக்கிறது.

மலைக்குப் பக்கத்தில் எல்லை வரையான தொலைவு என்று ஒரு நெடுவரிசை கட்டாயம் வேண்டும். எல்லைக்கு அப்பால் அதே இனத்தார் வாழ்கிறார்களா என்பது அதற்கடுத்தது.

தலைநகரிலிருந்து தொலைவும் அப்படியே. காங்கோ ஜனநாயகக் குடியரசில் தலைநகர் கின்ஷாசா மேற்குக் கோடியில். கிழக்குக் கோடியில் கோமா, வான்வழியே சுமார் 1,570 கிலோமீட்டர். இரண்டையும் இணைக்கும் நல்ல சாலை கிடையாது. கோமாவிலிருந்து ருவாண்டாவின் கிகாலி 100 கிலோமீட்டருக்கும் குறைவு. 1996, 1998 போர்கள் இரண்டும் கிழக்கிலிருந்து கிளம்பியதையும், 2025 ஜனவரியில் ருவாண்டா ஆதரவு பெற்ற எம்23 கிளர்ச்சிப் படை கோமாவைப் பிடித்ததையும் இந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள்.

இன்னொன்று, மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பதோடு அதை எப்படி எடுக்கிறார்கள் என்பதும் பதிவாக வேண்டும். கச்சின் மாநிலம் ஹ்பகாந்தின் பச்சை மரகதக்கல் போன்ற ஜேட், கிழக்குக் காங்கோவின் தங்கம், கோல்டான் இவையெல்லாம் மண்வெட்டியும் ஆளும் இருந்தால் எடுக்கலாம். விலை அதிகம், சுமை குறைவு, எல்லை தாண்டிக் கொண்டுபோகலாம். ஆயுதக்குழுவுக்கு ஏற்றது. பெருஞ்சுரங்கத்தில் எடுக்கும் செம்பு வேறு மாதிரி: அதைத் திருட முடியாது, ஆனால் ‘எங்கள் மண்ணின் செல்வம் தலைநகருக்குப் போகிறது’ என்ற மனக்குறையை அது வளர்க்கும். 1960 ஜூலையில் கட்டாங்கா பிரிந்துபோக முயன்றதும், பப்புவா நியூ கினியில் பாங்குனா சுரங்கத்தை வைத்து 1988-இல் பூகன்வில் போர் மூண்டதும் அந்த வகை.

---

வன்னிக்காடு:

குறிஞ்சித்திணை சொன்னதுக்கு இலங்கையே சாட்சி. உலகத் தரவுகளில் இலங்கைக்கு மலை விழுக்காடு என்று ஓர் எண் இருக்கும். அந்த மலை முழுவதும் நாட்டின் நடுவிலே, பிதுருதலாகலையில் 2,524 மீற்றர் வரை. போர் நடந்தது வடக்கிலும் கிழக்கிலும், தட்டையான நிலத்திலே. யாழ்ப்பாணக் குடாநாடு, ஆனையிறவு உப்பளமும் கடனீரேரியும், வன்னிக் காடு, முல்லைத்தீவுக் கடல். அங்கே மலையின் வேலையைச் செய்தவை கடலும் காடும் ஒடுங்கிய பாதைகளும். 2000 ஏப்ரலில் ஆனையிறவு கைமாறியபோது குடாநாட்டுக்கான தரைவழி முழுவதும் அரசின் கையை விட்டுப் போனதற்கு அந்த ஒடுக்கமே காரணம். கடல்வழி விநியோகம் நெருக்கப்பட்ட பிறகுதான் நிலைமை மாறியது. 2009 ஜனவரி 2-இல் கிளிநொச்சி விழுந்தது.

மலை இருந்த இடத்தில் என்ன நடந்தது? அங்கே மலையகத் தமிழர். 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. மனக்குறைக்குப் பஞ்சமே இல்லை, மலையும் உண்டு. ஆனால் தோட்டங்களைச் சுற்றிச் சிங்களக் கிராமங்கள், எல்லையும் கடலும் எட்டாத தூரத்தில். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தொழிற்சங்க பலத்தோடு பேரம் பேசியது. 1978-இல் சௌமியமூர்த்தி தொண்டமான் அமைச்சரவைக்குள் போனார். போர் அங்கே மூளவில்லை. 1983 ஜூலை போன்ற வன்முறைகளில் மலையகத்தார் பட்ட அடி வேறு கணக்கு. அதைப் ‘போர் இல்லை’ என்ற சொல்லுக்குள் மறைத்துவிடக் கூடாது.

வாய்பாடு சொன்ன கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். 1981 கணக்கெடுப்பில் சிங்களவர் 74.0, இலங்கைத் தமிழர் 12.7, சோனகர் 7.1, இந்தியத் தமிழர் 5.5. பன்மை 0.43, துருவம் 0.66. மியன்மாருக்கு வந்த அதே 0.66.

எந்த இனக் குறியீட்டாலும் பிடிக்க முடியாத ஒன்றும் உண்டு. 1971-இலும் 1987 முதல் 1989 வரையும் இடதுசாரி இயக்கமான ஜே.வி.பி. நடத்திய கிளர்ச்சிகள் தெற்கில், பெரும்பான்மைச் சிங்கள இளைஞரிடையே எழுந்தவை. உங்கள் தரவிலே இலங்கைக்குப் ‘போர்: ஆம்’ என்று ஒரே ஒரு குறி போட்டால், இரண்டு வேறு வியாதிகளுக்கு ஒரே பெயர் வைத்ததாகிவிடும்.

---

நெடுவழி:

இதுவரை வந்த பதில்களில் யார் ஆட்சியில் இருக்கிறார்கள், யார் வெளியே நிற்கிறார்கள் என்ற நெடுவரிசை வரவில்லை. வன்னிக்காடு தொண்டமானைப் பற்றிச் சொன்னபோது தொட்டுவிட்டுப் போனார். என் கருத்தில் நீங்கள் சேர்க்க வேண்டிய முதல் நெடுவரிசையே அதுதான். மலையும் துருவமும் அதற்குப் பின்தான்.

சூரிச்சில் தொகுக்கப்படும் இன அதிகார உறவுத் தரவில் 1946 முதல் ஆண்டுவாரியாக, நாடுவாரியாக, அரசியலில் கணக்கில் வரும் ஒவ்வொரு குழுவும் எந்த நிலையில் இருக்கிறது என்று குறித்திருக்கிறார்கள்: தனியாட்சி, மேலாதிக்கம், அதிகாரத்தில் மூத்த பங்காளி, இளைய பங்காளி, அதிகாரமற்றது, பாகுபாட்டுக்கு உள்ளானது என்று போகும். அதை வைத்துச் செய்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுவது: மத்திய ஆட்சியிலிருந்து விலக்கப்பட்ட குழு, அளவில் பெரியதாகவும் இருந்து, அண்மையில் அதிகாரம் இழந்ததாகவும் இருந்தால் கிளர்ச்சி வாய்ப்பு கூடுகிறது. ‘அண்மையில் இழந்தது’ என்பதை அடிக்கோடிடுங்கள். என்றைக்குமே அதிகாரம் காணாத குழுவை விட, நேற்று இருந்து இன்று இல்லாத குழுவிடம் தலைவர்களும் தொடர்புகளும், பல நேரம் படை அனுபவமும் இருக்கும்.

மியான்மரின் 1947 அரசியலமைப்பு ஷான், கரென்னி மாநிலங்களுக்குப் பத்தாண்டு கழித்துப் பிரிந்துபோகும் உரிமை தந்தது. அந்தக் கெடு கடந்தபின் ஷான் தலைவர்கள் கூட்டாட்சித் திருத்தம் கேட்டார்கள். 1961-இல் பௌத்தம் அரச மதம் ஆக்கப்பட்டது. அதே ஆண்டு, கிறித்தவர் மிகுந்த கச்சின்களிடையே விடுதலைப் படை உருவானது. கூட்டாட்சிப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே 1962 மார்ச் 2-இல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். மலை 1948-இலும் அங்கேதான் இருந்தது, இனங்களும் இருந்தன. இந்த ஆண்டுகளில் மாறியது அதிகாரப் பங்கு மட்டும்தான்.

குழுவின் பெயரும் பங்கும் ஒன்றாக இருந்தாலும் அரசியல் எப்படி மாறும் என்பதற்கு மலாவி, ஜாம்பியா எல்லையைப் பாருங்கள். செவா, டும்புகா என்ற இரண்டு மக்கள் எல்லைக்கு இருபுறமும் வாழ்கிறார்கள். மலாவியில் செவா ஏறத்தாழ 28 விழுக்காடு, டும்புகா 12. இரண்டுமே ஆட்சிக்குப் போட்டியிடப் போதுமான அளவு, எனவே அரசியல் எதிரிகள். ஜாம்பியாவில் ஏறத்தாழ 7, 4. தனித்தனியாக நின்றால் யாருக்கும் பயன் இல்லை, எனவே ‘கிழக்கு மாகாணத்தார்’ என்று ஒன்றாக நிற்கிறார்கள். பண்பாட்டு வேறுபாடு எல்லைக்கு இருபுறமும் ஒன்றேதான்.

டான்சானியாவுக்கும் விடை இங்கே இருக்கிறது. பெரிய குழுவான சுகுமாகூட நாட்டில் ஐந்தில் ஒரு பங்கை எட்டவில்லை. ஆனால் எண்ணிக்கை மட்டும் காரணமில்லை. பக்கத்துக் கென்யாவிலும் தனிப் பெரும்பான்மைக் குழு இல்லை; அங்கே 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பின் 1,100-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், பிளவுப் பள்ளத்தாக்கின் நிலத்தகராறும் இனக்கட்சி அரசியலும் சேர்ந்து வெடித்தது. டான்சானியாவிலோ முதல் அதிபர் நியரேரே சுவாஹிலியை ஆட்சிமொழியாகவும் பள்ளிமொழியாகவும் ஊன்றினார். உள்நாட்டுப் பெருங்குழு எதற்கும் சொந்தமல்லாத மொழி அது. 1967-க்குப் பின் கணக்கெடுப்பில் இனத்தைக் கேட்பதையே விட்டார்கள். அதற்காக டான்சானியாவை ‘அமைதி நாடு’ என்று மூடி வைத்துவிட முடியாது. 1964 ஜனவரி சான்சிபார் புரட்சி இன, வர்க்கக் கோட்டில் நடந்த கொலைகளைக் கண்டது. 2025 அக்டோபர் தேர்தலையொட்டிப் போராட்டங்கள் எழுந்து, ஊரடங்கும் உயிர்ப்பலியும் நேர்ந்தன. அது இனக் கோட்டில் பிளந்ததல்ல, ஆட்சி தன் போட்டியாளர்களை வெளியே தள்ளியதில் வந்தது.

---

செங்காந்தள்:

எல்லாருக்கும் நன்றி. நாடுவாரி அட்டவணையையே கைவிட வேண்டும் என்று புரிகிறது. அப்படியானால் எந்த அலகில் கட்டுவது? கட்டங்களாகப் பிரித்த நிலப்படத்திலா, இனக்குழு வாழும் பரப்பை வைத்தா? இன்னொன்றும் உறுத்துகிறது. 2021 ராணுவக் கவிழ்ப்புக்குப் பின் மியான்மரில் கடுமையான சண்டை நடந்த இடங்களில் சகாயிங், மக்வே இரண்டும் உண்டு. அவை பமார் சமவெளி. மலை, இனம், விலக்கம் மூன்றுமே அங்கே பொருந்தவில்லையே?

---

அட்சரேகை:

அலகைப் பற்றி முதலில். இரண்டும் வேண்டும், இரண்டுக்கும் வேலை வேறு. ‘யார் எழுவார்’ என்ற கேள்விக்குக் குழுவும் ஆண்டும் சேர்ந்த வரிசை. ‘எங்கே சண்டை நடக்கும்’ என்பதற்குக் கட்டம்.

குழு வரிசைக்கு இப்படிச் செய்யுங்கள். குழு வாழும் பரப்பின் எல்லைக்கோட்டை எடுங்கள். 90 மீட்டர் உயரத் தரவை 1 கிலோமீட்டருக்குச் சுருக்கி, ஒவ்வொரு புள்ளிக்கும் சுற்றியுள்ள எட்டுப் புள்ளிகளோடு உள்ள உயர வித்தியாசங்களை வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் கரடுமுரடு அளவு வரும். கடல்மட்டத்திலிருந்து உயரத்தை நேரடியாகப் போடாதீர்கள். பீடபூமி உயரமாக இருந்தும் தட்டையாக இருக்கும், லாரி ஓடும். பிறகு அதைப் பரப்பால் சராசரி எடுக்காமல் இரண்டு விதமாக எடுங்கள்: ஒன்று மக்கள்தொகையால் எடையிட்டது, மற்றது குழு வாழும் பரப்புக்கு 50 கிலோமீட்டருக்குள் இருக்கும் மிகக் கரடான பகுதி. மக்கள் பள்ளத்தாக்கில் வாழ்வார்கள், ஆயுதக்குழு மேலே ஒளியும். ஒரே சராசரி இரண்டையும் கெடுத்துவிடும். தலைநகர்த் தொலைவுக்குப் பயண நேரத்தைப் போடுங்கள், நேர்கோட்டுக் கிலோமீட்டர் வேண்டாம். மழைக்காலத்தில் அறுந்துபோகும் சாலை இருந்தால் அதையும் குறியுங்கள். மியான்மரில் பெருந்தாக்குதல்கள் நெடுங்காலம் வறண்ட பருவத்தில்தான் நடந்தன. அதிகார நிலையை ஓராண்டு முன்னதாக வையுங்கள். போர் மூண்ட ஆண்டின் நிலையைப் போட்டால், போரின் விளைவையே காரணமாக எழுதிவிடுவீர்கள்.

கட்டத்தில் என்ன பிசகும் என்பதற்கு மணிப்பூர் நல்ல எடுத்துக்காட்டு. வழக்கமான அரைப் பாகை கட்டம் அந்த அட்சரேகையில் சுமார் 2,800 சதுர கிலோமீட்டர். இம்பால் பள்ளத்தாக்கு மாநிலப் பரப்பில் பத்தில் ஒன்று, அதாவது 2,200 சதுர கிலோமீட்டர் அளவு; மாநில மக்களில் பாதிக்கு மேல் அதற்குள்தான். சுற்றியுள்ள மலையில் குக்கி-ஜோ, நாகா மக்கள். சட்டமன்றத்தின் 60 இடங்களில் 40 பள்ளத்தாக்குக்கு, 20 மலைக்கு. மலையில் நிலம் வாங்கப் பள்ளத்தாக்கின் பெரும்பான்மையான மெய்தேய்களுக்குச் சட்டத்தடை. 2023 மே 3-இல் வெடித்த மெய்தேய், குக்கி-ஜோ மோதலின் முழு வரைபடமே பள்ளத்தாக்கும் மலையும் சந்திக்கும் அடிவாரக் கோடு. பள்ளத்தாக்கு ஒரு கட்டத்தை விடச் சிறியது என்பதால் இரண்டு பக்கமும் ஒரே கட்டத்தில் கலந்து, சராசரி உயரம், சராசரி இனம் என்று எதையும் காட்டாத ஓர் எண்தான் மிஞ்சும். இப்படிப்பட்ட இடத்தில் கட்டத்தை 5 கிலோமீட்டருக்குக் குறையுங்கள், இல்லாவிட்டால் நிர்வாக வட்டத்தை (தாலுகாவை) அலகாக வையுங்கள்.

மதிப்பீட்டில் எல்லாரும் விழும் குழி ஒன்று உண்டு. நாடு-ஆண்டு வரிசைகளில் புதிதாகப் போர் மூளுவது நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. ‘போர் வராது’ என்று கண்ணை மூடிச் சொல்லும் கணிப்பு மாதிரிக்கும் 98 விழுக்காடு துல்லியம் கிடைக்கும். ஆகவே துல்லியத்தைப் பார்க்காதீர்கள். மூண்ட போர்களில் எத்தனையை முன்னே பிடித்தது, எச்சரித்தவற்றில் எத்தனை பொய் என்ற இரண்டையும் பாருங்கள். சோதனைக்குத் தரவைக் குலுக்கிப் பிரிக்காதீர்கள். 2010-ஐப் பயிற்சியிலும் 2009-ஐச் சோதனையிலும் ஒரே நாட்டுக்கு வைத்தால் மாதிரி விடையைப் பார்த்து எழுதுகிறது. 2010 வரை பயிற்சி, அதற்குப் பின் சோதனை என்று காலத்தால் வெட்டுங்கள். சாவு எண்ணிக்கை வரம்பையும் எழுதி வையுங்கள்: ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகம் தொகுக்கும் தரவில் ஆண்டுக்கு 25 போர்ச்சாவு என்றால் ஆயுத மோதல், 1,000 என்றால் போர். வரம்பை மாற்றினால் பட்டியலே மாறும்.

---

குறிஞ்சித்திணை:

சகாயிங் பற்றி நான் சொல்கிறேன், கேள்வி நியாயமானது.

ஒன்று, 2021 பிப்ரவரி 1-இல் விலக்கப்பட்டது ஓர் இனம் மட்டுமல்ல. 2020 நவம்பரில் வாக்களித்த பெரும்பான்மையே விலக்கப்பட்டது. நெடுவழி சொன்ன ‘அண்மையில் அதிகாரம் இழந்த பெரிய குழு’ என்பதில் அதைவிடப் பெரியது இருக்க முடியாது. இனவாரித் தரவில் பமார் ‘ஆட்சியில்’ என்றே குறிக்கப்பட்டிருக்கும். அங்கேதான் தரவு ஏமாற்றுகிறது.

இரண்டு, சகாயிங்கின் மொன்யுவா, ஷ்வேபோ பக்கம் சமவெளிதான். ஆனால் அந்த வட்டாரம் வடகிழக்கில் கச்சினையும் மேற்கில் சின் மலையையும் இந்திய எல்லையையும் தொட்டுக் கிடக்கிறது. சமவெளி இளைஞர்களுக்குப் பயிற்சியும் ஆயுதமும் பல பத்தாண்டுப் போர் அனுபவமுள்ள மலைப் படைகளிடமிருந்து கிடைத்தன. ஒரு கட்டத்தின் ஆபத்தை அந்தக் கட்டத்தின் மலையை வைத்து மட்டும் கணக்கிடாமல், தொட்டுள்ள கட்டங்களில் இயங்கும் ஆயுதக்குழுக்களையும் ஒரு நெடுவரிசையாகச் சேருங்கள்.

மூன்று, தட்டை நிலம் கிளர்ச்சியைத் தடுக்காமல் போகலாம், ஆனால் அதன் விலையைக் கூட்டும். ராணுவம் அங்கே ஊர்களைத் தொடர்ந்து கொளுத்தியது. 2023 ஏப்ரல் 11-இல் கன்பலு வட்டத்தின் பசிஜி கிராமத்தில் நடந்த விமானத் தாக்குதலில் 160-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 27-இல் சீன எல்லையோரம் தொடங்கிய மூன்று படைகளின் தாக்குதல், 2024 ஆகஸ்டில் லாஷியோவில் இருந்த ராணுவத்தின் வடகிழக்குத் தலைமையகத்தையே பிடித்தது. அங்கே பின்னால் மலையும் எல்லையும் இருந்தன. 2025 ஏப்ரலில் சீனாவின் அழுத்தத்தால் லாஷியோ திரும்ப ராணுவத்திடம் போனதும் அதே எல்லையால்தான்.

---

வாய்பாடு:

ஒரு சின்னத் திருத்தம், அட்டவணை கட்டும்முன். இனக்குழுவை ஆண்டு மாறாத ஒன்றாக வைக்காதீர்கள். 1994 டிசம்பரில் கரேன் இயக்கத்தின் பௌத்தப் போராளிகள் கிறித்தவத் தலைமையிலிருந்து பிரிந்தார்கள்; அடுத்த மாதமே அவர்கள் துணையோடு ராணுவம் தலைமையிடமான மானர்ப்ளாவைப் பிடித்தது. 1993-இல் ‘கரேன்’ என்று ஒரு வரிசை போதும். 1995-இல் இரண்டு வேண்டும், ஒன்று அரசின் பக்கம்.

---

செங்காந்தள்:

குழு-ஆண்டு வரிசையில் மியான்மர், இலங்கை, டான்சானியா, கென்யா நான்கை மட்டும் முதலில் கட்டுகிறேன். எல்லைத் தொலைவு, அப்பால் உறவினம், ஓராண்டு முந்தைய அதிகார நிலை, பக்கத்துக் கட்டத்தின் ஆயுதக்குழு ஆகிய நான்கு நெடுவரிசைகள் புதிதாக வருகின்றன. இலங்கைக்குக் கடற்கரை நீளத்தையும் காட்டுப் பரப்பையும் தனியே சேர்க்கிறேன், ஜே.வி.பி. ஆண்டுகள் வேறு குறியில் இருக்கும்.